கோயில் மாதிரி

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு வயலின் பையனைப் பாட்டுப் பயிற்சியிலிருந்து எழுப்பிப் பின்வரிசைக்கு அனுப்பினேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

சென்னையில் எங்கள் பாடகர் குழுவில் அப்போது முப்பத்திரண்டு பேர். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று மேல்குரலிலிருந்து கீழ்க்குரல் வரை நான்கு வரிசை. கிறிஸ்துமஸுக்குக் கேரல், ஈஸ்டருக்கு ஒரு கான்டாட்டா என்று அமைதியாக ஓடிக்கொண்டிருந்த குழு. அந்த வருடம் ஆசை கொஞ்சம் கூடிப்போய், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதிய ஒரு மொட்டெட்டில் (பல குரல்கள் சேர்ந்து பாடும் வழிபாட்டுப் பாடல்) கைவைத்தோம். “ஆவியானவரும் நமது பலவீனங்களில் நமக்கு உதவிசெய்கிறார்” என்ற ரோமர் நிருப வசனத்துக்கு அவர் இசையமைத்தது. இரண்டு குழுக்கள், எட்டுக் குரல்கள். எங்கள் பலவீனங்கள் எட்டு வரிசையிலும் சமமாக இருந்தன. முழுசாகப் பாட முடியாது என்று தெரிந்து, முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஆல்ட்டோவில் பாடும் ஒரு பெண்ணின் தம்பி, கல்லூரி மாணவன், வயலினைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்கு வருவான். மூன்றாவது வாரம் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “அண்ணா, நான் ஆல்ட்டோவோட சேர்ந்து வாசிக்கட்டுமா? அவங்க லைன் அடிக்கடி நழுவுது.”

“இது அக்கப்பெல்லா தம்பி. வாத்தியம் கூடாது” என்றேன். அந்தக் ‘கூடாது’வை நான் சொன்ன தோரணை எனக்கே இப்போது கேட்கிறது. பையன் வயலினை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தான். அடுத்த வாரம் வரவில்லை.

நிகழ்ச்சி அன்றைக்கு என்ன ஆனது என்று குழுவில் பாடியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆரம்பத்தில் சுருதிக்கவையைத் தட்டிச் சுருதி கொடுத்தேன். முடிந்த பிறகு மறுபடி தட்டிப் பார்த்தேன். அரை சுரத்துக்கு மேலேயே கீழே இறங்கியிருந்தோம். எல்லோரும் சேர்ந்தே இறங்கியதால் கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. இதுதான் கூட்டமாகப் பாடுவதில் உள்ள ஒரே சலுகை.

அக்கப்பெல்லா என்ற அந்தச் சொல் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் கோயிலில் (அங்கே நாங்கள் சர்ச்சைக் ‘கோயில்’ என்றுதான் சொல்வோம்) பாட்டு சொல்லித் தந்தவர் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர். ஆர்மோனியத்தை மூடிவிட்டு, “இப்போ அக்கப்பெல்லா பாடுங்கல” என்பார். சின்னப் பிள்ளைகள் நாங்கள் ரொம்ப நாளாக பெல்லா என்று ஒரு அக்கா இருக்கிறார், அவர் பாடுகிற மாதிரி பாடச் சொல்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அர்த்தம் கேட்டதற்கு சார் சொன்னது: “வாத்தியம் இல்லாம பாடுறது.” அதையே நானும் முப்பது வருடம் மற்றவர்களுக்குச் சொன்னேன். உங்கள் கையில் இருக்கிற எந்த அகராதியும் அதையேதான் சொல்லும். இன்றைய வழக்கில் அது தப்பும் இல்லை.

ஆனால் சொல்லுக்குள்ளே ‘இல்லாமல்’ என்பதே இல்லை. இத்தாலிய மொழியில் ‘அ கப்பெல்லா’ என்றால் ‘சிற்றாலய முறையில்’ என்று பொருள். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், கோயில் மாதிரி. அவ்வளவுதான். எந்தக் கோயில், எப்படிப்பட்ட மாதிரி என்பதில்தான் ஐந்நூறு வருடக் கதை இருக்கிறது.

கப்பெல்லாவுக்கும் முன்னால் ஒரு போர்வை இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் என்ற ரோமானியப் படைவீரர், இன்றைய பிரான்சில் இருக்கும் ஆமியான் நகர வாசலில், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரர் ஒருவருக்குத் தன் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது கதை. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் படித்து வளர்ந்த நமக்கு, பாதிதானா என்று தோன்றும். இருந்தாலும் எஞ்சிய பாதிக்குப் பெரிய வாழ்வு வந்தது. மார்ட்டின் பின்னாளில் தூர் நகரத்து ஆயரானார், புனிதரானார். அந்த அங்கியை பிராங்கிய அரசர்கள் புனிதப் பொருளாகப் பேணினார்கள். போருக்குப் போகும்போது கூடவே எடுத்துப்போனார்கள். லத்தீனில் ‘கப்பா’ என்றால் மேலங்கி, ‘கப்பெல்லா’ என்றால் சின்ன மேலங்கி. அங்கியைக் காத்த குருமார் ‘கப்பெல்லானி’ ஆனார்கள். அங்கி இருந்த இடம் கப்பெல்லா ஆனது. அப்புறம் அரண்மனைகளிலும் மாளிகைகளிலும் இருந்த சிறு வழிபாட்டிடம் எல்லாமே கப்பெல்லா. போர்த்துகீசியர் அதைக் கேரளத்துக்குக் கொண்டுவந்ததில் மலையாளத்தில் அது ‘கப்பேள’ என்று இன்றும் புழங்குகிறது.

சொல் அங்கேயும் நிற்கவில்லை. இடத்தின் பெயர் அங்கே வேலை பார்த்த ஆட்களுக்கு ஏறியது. ஓர் அரசரின் ‘கப்பெல்லா’ என்றால் அவருடைய குருமார், பாடகர்கள், பிறகு வாத்தியக்காரர்கள் என்று மொத்தப் பட்டாளம். ஜெர்மனியில் டிரெஸ்டன் அரசவையில் 1548இல் பாடகர்களைக் கொண்டு இப்படியொரு ‘கப்பெல்லே’ தொடங்கினார்கள். அது இன்னும் ‘ஷ்டாட்ஸ்கப்பெல்லே’ என்ற பெயரில் இருக்கிறது. உலகின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் ஒன்று. முழுக்க வாத்தியம். அதாவது ஒரே போர்வையிலிருந்து பிறந்த சொல், ஒரு பக்கம் வாத்தியமே இல்லாத பாட்டுக்கும், இன்னொரு பக்கம் பாட்டே இல்லாத வாத்தியக் குழுவுக்கும் பெயராகிவிட்டது.

சரி, 16ஆம் நூற்றாண்டில் கோயில் மாதிரி என்றால் உண்மையில் எப்படி இருந்தது? செவில் நகரப் பேராலயத்தில் இசைப் பொறுப்பில் இருந்த பிரான்சிஸ்கோ கெர்ரேரோ 1586இல் எழுதிவைத்த ஓர் ஒழுங்குமுறை இருக்கிறது. மாதாவுக்கான சால்வே பாடலின் மூன்று பத்திகளை எப்படி வாசிக்க வேண்டும் என்று அதில் சொல்கிறார்: ஒன்றுக்கு ஷாம் (நம் நாகஸ்வரத்தின் தூரத்து உறவு), ஒன்றுக்குக் கார்னெட் (மரத்தில் செய்த ஊது வாத்தியம்), ஒன்றுக்கு ரெக்கார்டர் என்கிற குழல். காரணமும் சொல்கிறார்: ஒரே வாத்தியத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஜனங்களுக்குச் சலிப்புத் தட்டும். கோயிலில் வாத்தியம் வாசிக்கலாமா என்பது அவருக்குப் பிரச்சினையே இல்லை. எந்த வாத்தியம் என்பதுதான் கேள்வி.

மூனிக் அரசவையில் ஓர்லாண்டோ தி லாசோவின் இசைக்குழுவை ஹான்ஸ் மீலிக் வரைந்த ஓவியம் ஒன்று உண்டு. 1570 வாக்கில் முடிந்த ஒரு கையெழுத்துப் பிரதிக்காக வரைந்தது. அதில் லாசோ கீபோர்டு வாத்தியத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் வில் வாத்தியங்கள், ஊது வாத்தியங்கள், பாடும் சிறுவர்கள். வெனிஸின் சான் மார்கோ ஆலயத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஜொவான்னி கப்ரியேலி டிராம்போனும் கார்னெட்டும் வைத்தே அங்கே பெயர் வாங்கியவர். 1615இல் அச்சான அவருடைய ஒரு படைப்பில் தனிக்குரல்கள் ஒரு பக்கம், வாத்தியங்கள் ஒரு பக்கம், ‘கப்பெல்லா’ என்று குறித்த குழு ஒரு பக்கம். அங்கே கப்பெல்லா என்றால் ‘எல்லோரும் சேர்ந்து’ என்றுதான் அர்த்தம். ஜெர்மானிய இசையமைப்பாளர் ஹைன்ரிக் ஷூட்ஸ் 1619இல் வெளியிட்ட, வேதாகமச் சங்கீதங்களுக்கான பாடல்களிலும் அப்படியே. முக்கியமான பாடகர்களுக்கு வலு சேர்க்கும் கூடுதல் குழுக்களுக்கு அவர் கப்பெல்லா என்று பெயர் வைக்கிறார்.

அப்படியென்றால் வாத்தியமே இல்லாத கோயில் எது? ஒன்று நிச்சயம் இருந்தது. அதுதான் எல்லாவற்றையும் குழப்பியது.

வத்திக்கானில் 1483இல் அர்ப்பணிக்கப்பட்ட சிஸ்டைன் சிற்றாலயம், போப்பின் சொந்தக் கப்பெல்லா. அந்தக் காலத்தில் அங்கே ஆர்கன் கிடையாது. பக்கச் சுவரில் ஒரு சின்ன மாடத்தில் நின்று பாடகர்கள் வெறும் குரலில் பாடுவார்கள். சும்மா நின்ற நேரத்தில் மாடத்துச் சுவரில் பெயரைக் கீறியும் வைத்திருக்கிறார்கள். ஜோஸ்கன் என்ற மகா இசையமைப்பாளரின் பெயரும் அந்தக் கீறல்களில் இருக்கிறது. நம் ஊர்க் கோயில் தூணில் பெயர் கீறுகிறவர்களைத் திட்டும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

ரோமிலேயே மற்ற பெரிய ஆலயங்களில் ஆர்கன் இருந்தது, வாத்தியக்காரர்கள் வந்துபோனார்கள். சிஸ்டைன்தான் விதிவிலக்கு. ஆனால் போப் வீட்டுக் கோயில் அல்லவா? விதிவிலக்கே பிற்காலத்துக்கு விதியாகிவிட்டது.

நடுவில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்தச் சொல் வாத்தியத்தைப் பற்றிப் பேசவே இல்லை, இசை எழுதும் பாணியைத்தான் குறித்தது. 1600க்குப் பிறகு ஆப்பெரா வந்தது, தனிக்குரலும் பக்கத்துணையுமாகப் புதிய இசை வந்தது. அப்போது பழைய முறையில், எல்லாக் குரலும் ஒன்றையொன்று பின்தொடர்ந்து நெய்துகொண்டுபோகும் இசையைத் தனியாகச் சுட்ட ஒரு பெயர் தேவைப்பட்டது. அதற்குத்தான் ‘கோயில் மாதிரி’. இத்தாலிய இசையமைப்பாளர் மோன்டெவெர்தி 1640களின் தொடக்கத்தில் அச்சிட்ட தொகுப்பில் நாலு குரல் பூசை இசை ஒன்றுக்கு ‘தா கப்பெல்லா’ என்று தலைப்பு. ஆனால் ஆர்கனுக்கான வரியும் கூடவே இருக்கிறது. வியன்னாவில் பேரரசரின் இசைப் பொறுப்பாளராக இருந்த ஃபுக்ஸ் 1725இல் எழுதிய பாடநூலில் கப்பெல்லா பாணி இரண்டு வகை என்று தெளிவாகவே பிரிக்கிறார்: வெறும் குரல் ஒன்று, ஆர்கனும் பிற வாத்தியங்களும் சேர்ந்தது மற்றொன்று. அந்தக் காலத்து இசைத்தாள்களில் தாளக் குறிக்குக்கூட இந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

18ஆம் நூற்றாண்டில் வழக்கமான புரிதல் இதுதான்: வாத்தியங்களுக்குத் தனி வேலை இல்லை, குரல் போகும் அதே சுரத்தில் கூடவே போக வேண்டும். கச்சேரியில் பாடகர் பின்னாலேயே வயலின் நிழல்போல வருமே, கிட்டத்தட்ட அது. இந்த இடத்தில் நமக்கு வாய்ப்பாட்டு என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் போதும். வாய்ப்பாட்டுக் கச்சேரி என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். பக்கத்தில் வயலின், மிருதங்கம், கடம் எல்லாம் உட்கார்ந்திருக்கும். யாராவது எழுந்து, வாய்ப்பாட்டு என்றீர்களே, மிருதங்கம் எதற்கு என்று கேட்கிறார்களா? எது முதன்மை என்று சொல்லும் சொல் அது, எது இல்லை என்று சொல்லும் சொல் அல்ல. அ கப்பெல்லாவும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது.

இந்த நீண்ட கதையைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் என் தலையில் இடி விழுந்தது.

நாங்கள் பாடிய அதே மொட்டெட்டை பாக் 1729 அக்டோபரில், லைப்சிக் தாமஸ் பள்ளியின் தலைமையாசிரியர் எர்னெஸ்டியின் இறுதிச் சடங்குக்காக எழுதினார். அவசரத்தில் பிரதியெடுத்த தனித்தனித் தாள்கள் இன்றும் இருக்கின்றன. பாடகர்களுக்கு மட்டுமல்ல, வாத்தியங்களுக்கும். முதல் குழுவோடு வயலின், வியோலா, செல்லோ. இரண்டாம் குழுவோடு ஓபோக்கள், பஸூன். எல்லாம் அந்தந்தக் குரலின் அதே சுரம். முதல் குழுவின் ஆல்ட்டோ வரியோடு போவது எது தெரியுமா? இரண்டாம் வயலின்.

பையன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். பாக் கொடுத்த இடத்தைத்தான் கேட்டிருக்கிறான்.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. 16ஆம் நூற்றாண்டில் ரோமில் கோயில் இசை எழுதிய பாலெஸ்த்ரீனா என்ற பெயரைச் சொன்னாலே அக்கப்பெல்லா என்று பதில் வரும் அல்லவா? 1740களில் பாக் அந்தப் பாலெஸ்த்ரீனாவின் ஆறு குரல் பூசை இசை ஒன்றை எடுத்து, அதற்குக் கார்னெட், டிராம்போன், ஆர்கன் எல்லாம் சேர்த்துத் தன் கையால் தாள்கள் தயாரித்திருக்கிறார். பழைய இசைக்கு மரியாதை இல்லாததால் அல்ல. மரியாதையாகப் பாடுவது என்றால் அப்படித்தான் என்று அவர் ஊரில் வழக்கம்.

பிறகு எப்போது வாத்தியம் ‘கூடாது’ ஆனது? 19ஆம் நூற்றாண்டில். காரணம் இசையைவிட ஏக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சியும் நெப்போலியன் போர்களும் முடிந்த களைப்பில், ஜெர்மன் எழுத்தாளர்களுக்குப் பழைய காலம் ரொம்பத் தூய்மையாகத் தெரிய ஆரம்பித்தது. 1814இல் ஹோஃப்மன் பாலெஸ்த்ரீனாவைக் கொண்டாடிக் கட்டுரை எழுதினார். ஹைடல்பெர்கில் டிபோ என்ற சட்டப் பேராசிரியர் 1820களில் இசையின் தூய்மை பற்றித் தனிப் புத்தகமே போட்டார். 1828இல் ரோமில் போப்பின் பாடகர் குழுவைச் சேர்ந்த பாயினி, பாலெஸ்த்ரீனாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதி, கோயில் இசையைக் காப்பாற்றியவர் என்று அவரைப் பீடத்தில் ஏற்றினார். ரோமுக்குச் சுற்றுலா போனவர்கள் எல்லாம் புனித வாரத்தில் சிஸ்டைனுக்குள் நின்று, மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாக அணைய அணைய வெறும் குரலைக் கேட்டு மெய்சிலிர்த்துத் திரும்பினார்கள். கோயில் மாதிரி என்றால் இந்த ஒரு கோயில் மாதிரிதான் என்று முடிவாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், பாலெஸ்த்ரீனா சிஸ்டைன் குழுவில் பாடகராக இருந்தது 1555இல் சில மாதங்கள்தான். கல்யாணமானவர் என்று சொல்லிப் புதிய போப் அவரை வெளியே அனுப்பிவிட்டார். அவர் வாழ்நாளில் பெரும்பகுதி வேலை பார்த்தது ஆர்கன் இருந்த ஆலயங்களில்.

வேடிக்கையல்லாத ஒன்றும் உண்டு. அந்தத் தூய குரல்களில் உச்சத்தில் பாடியவர்கள், குரல் உடையாமல் இருக்கச் சிறுவயதிலேயே விதையடிக்கப்பட்ட ஆண்கள். காஸ்ட்ராட்டோ என்று பெயர். அவர்களில் கடைசியாக சிஸ்டைனில் பாடிய அலெஸ்ஸாண்ட்ரோ மொரெஸ்கியின் குரலை 1902இலும் 1904இலும் ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள். இணையத்தில் கேட்கலாம். நான் ஒருமுறை கேட்டேன். இரண்டாம் முறை கேட்கவில்லை. தூய்மை என்ற சொல்லை யாராவது இசையோடு சேர்த்துச் சொன்னால் அந்தக் கீறல் விழுந்த ஒலிதான் எனக்கு முதலில் வருகிறது.

1868இல் பிரான்ஸ் சேவியர் விட் என்ற குருவானவர் ஜெர்மனியில் செசிலியன் சங்கத்தைத் தொடங்கினார். கோயிலிலிருந்து ஆர்கெஸ்ட்ரா ஆடம்பரத்தைக் குறைத்து, பழைய குரலிசைக்குத் திரும்ப வேண்டும் என்பது நோக்கம். 1903 நவம்பர் 22இல், அதாவது இசையின் பாதுகாவலரான புனித செசிலியாவின் திருநாள் அன்றே, போப் பத்தாம் பயஸ் இதே போக்கில் ஓர் ஆணை பிறப்பித்தார். கோயிலில் பியானோ கூடாது, மத்தளம் போன்ற ஆரவார வாத்தியங்கள் கூடாது, கிரகோரியன் பாட்டுக்கு (எல்லோரும் ஒரே மெட்டில் பாடும் பழைய வழிபாட்டுப் பாட்டு) அடுத்து ரோமாபுரிப் பாணிக் குரலிசைதான் சிறந்தது. அதே ஆணையில் பெண்கள் பாடகர் குழுவில் இருக்கக் கூடாது என்றும் இருந்தது. எங்கள் சோப்ரானோ, ஆல்ட்டோ வரிசைகளிடம் இதைச் சொன்னபோது கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

இந்தச் சொல்லுக்குச் சம்பந்தமே இல்லாமல் வாத்தியத்தை ஒதுக்கிய சபைகளும் இருக்கின்றன. கீழைத் திருச்சபைகளில் ரஷ்யர்கள் முழு வழிபாட்டையும் குரலிலேயே நடத்துகிறார்கள். 1915இல் ராக்மனினோவ் எழுதிய இரவு முழு விழிப்பு ஆராதனை இசையில் ஒரு வாத்தியம்கூடக் கிடையாது. அமெரிக்காவில் சர்ச்சஸ் ஆஃப் கிறைஸ்ட் சபையார் தனியாகப் பிரிந்ததற்கு ஆர்கன் பிரச்சினையும் ஒரு காரணம். இவர்கள் வாத்தியம் வேண்டாம் என்றது நம்பிக்கை சார்ந்த முடிவு. பாணிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிறகுதான் அவர்கள் பாடுவதற்கும் நாம் இத்தாலியப் பெயரை ஒட்டினோம்.

20ஆம் நூற்றாண்டில் சொல் கோயிலைவிட்டே வெளியே வந்துவிட்டது. 1906இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ‘அ கப்பெல்லா குழு’ என்ற பெயரிலேயே ஒன்று தொடங்கியது. கல்லூரிக் குழுக்கள் பெருகின. இன்றைக்கு அவர்கள் வாயாலேயே டிரம்ஸ் அடிக்கிறார்கள், கிட்டார் மீட்டுகிறார்கள். வாத்தியத்தைத் துரத்திய சொல்லுக்குள் வாத்தியம் பின்வாசல் வழியாக வந்துவிட்டது. நமக்கு இந்தச் சொல்லைப் பழக்கியது சினிமா. 1993இல் வந்த ‘திருடா திருடா’வில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் சாகுல் ஹமீது பாடிய ‘ராசாத்தி’யைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் கல்லூரி விடுதியில் அக்கப்பெல்லா என்ற வார்த்தையே பரவியது. முதல் முறையாக நான் அறிவாளியாகத் தெரிந்த தருணம் அது. பெல்லா அக்கா கதையை அங்கே யாருக்கும் சொல்லவில்லை.

போன வருடம் அந்த வயலின் பையனைத் தேடிப் பிடித்தேன். இப்போது வெளிநாட்டில் வேலை, இரண்டு குழந்தைகள். பாக்கின் தாள்கள், இரண்டாம் வயலின், என் தப்பு என்று நீளமாக ஒரு செய்தி எழுதி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: “எந்தப் பாட்டு அண்ணா?”

இந்தத் தவக்காலத்துக்குக் குழுவில் புதிதாக ஒரு மொட்டெட் எடுத்திருக்கிறோம். தாளின் மேலே இத்தாலிய மொழியில் அந்த இரண்டு சொற்கள் அச்சாகியிருக்கின்றன. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் செல்லோ கற்றுக்கொள்கிறாள். அவளை பாஸ் வரிசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன். பாஸில் முப்பது வருடமாகப் பாடும் பெரியவர் ஒருவர் தாளைப் பார்த்தார், செல்லோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தம்பி, இது அக்கப்பெல்லா இல்லையா?”

“ஆமா அங்கிள். அதனாலதான்.”